40 டாலர் வேலை... 3,000 டாலர் வேலை!

முதலில் ஒரு சீன் சொல்றேன், கேளுங்க.

ஒரு காலேஜ். பட்டமளிப்பு விழா. வரிசையாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒருவன், பாட்டனி படித்த அப்பாவி. ஒரு குளறுபடியில் சர்டிஃபிகேட் மாறிப்போகிறது. பாட்டனி பையன் கையில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் பட்டம்! அந்த நேரம் பார்த்து ஒரு பணக்காரர், தன் வீட்டை முழுக்க முழுக்க கரன்ட்டில் ஓடுகிற வீடாக மாற்ற ஓர் இன்ஜினீயரைத் தேடுகிறார். வேலை உடனே ஓகே. ஆப்டிட்யூட் டெஸ்ட் இல்லை, குரூப் டிஸ்கஷன் இல்லை, 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' இல்லவே இல்லை!

பையனும் செய்து முடித்துவிடுகிறான். ஓடும் படிக்கட்டு, பட்டனைத் தட்டினால் தண்ணீர் நிரம்பும் நீச்சல் குளம், கிச்சனில் இருந்து டைனிங் டேபிளுக்குச் சாப்பாடு கொண்டுவரும் குட்டி ரயில்... எல்லாம் ஜோராக ஓடுகிறது. பட்டத்தைப் பறிகொடுத்த அசல் இன்ஜினீயர் வந்து வயர்களை மாற்றிவிடும் வரைக்கும்.

படத்தின் பெயர் 'தி எலெக்ட்ரிக் ஹவுஸ்'. வந்த வருஷம் 1922. எங்கள் ஹாஸ்டலில் ஒரு ராத்திரி இதைப் போட்டபோது, "டேய், இது நம்ம கதைடா!" என்று பின்னாடி இருந்து ஒரு குரல் வந்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை.

அந்த பாட்டனி பையன்தான் பஸ்டர் கீட்டன். ஊமைப்பட காலத்து ஹீரோ, டைரக்டர், ஸ்டன்ட்மேன், எல்லாமே. நமக்கு ஊமைப்படம் என்றாலே சாப்ளின்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். அன்றைக்கு ராத்திரி ஆரம்பித்தது, அடுத்த இரண்டு வாரம் மெஷின் டிசைன் புத்தகத்தைத் தொடவே இல்லை. (இன்டர்னல் மார்க் பற்றிக் கேட்காதீங்க.) நான் மூன்றாம் வருஷம் மெக்கானிகல். சீனியர்களுக்குப் ப்ளேஸ்மென்ட் நடந்துகொண்டிருந்த நேரம். மெஸ், கேன்டீன், பஸ் ஸ்டாப் என்று எங்கே போனாலும் ஒரே கேள்விதான்... 'பேக்கேஜ் எவ்ளோ?' அந்தக் கேள்வி காதில் விழுந்துகொண்டே இருந்ததாலோ என்னவோ, இந்த மனிதர் வாழ்க்கையிலும் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. இரண்டு முறை வந்தது அவருக்கு அந்தக் கேள்வி. ஒரு முறை 1917-ல், இன்னொரு முறை 1928-ல்.

ஆனால் அதற்கு முன்னால், இந்தப் பையன் எப்படி வளர்ந்தான் என்று தெரியணும். தெரிந்தால் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

அசல் பெயர் ஜோசப் ஃப்ராங்க் கீட்டன். 1895 அக்டோபர் 4-ம் தேதி, அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் பிக்வா என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ஜோ, அம்மா மைரா, இரண்டு பேருமே ஊர் ஊராகப் போய் வித்தை காட்டும் கலைஞர்கள். கைக்குழந்தையாக இருந்தபோது மாடிப்படியில் உருண்டு விழுந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து உட்கார்ந்தாராம். பெரிய அடி விழுவதை 'பஸ்டர்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. அதைச் சொல்லிப் பெயர் வைத்தது, பூட்டு உடைக்கும் மந்திரவாதி ஹுடினி என்பது கீட்டன் குடும்பத்துக் கதை. ஆராய்ச்சி செய்தவர்கள் இதைப் பாதிதான் நம்புகிறார்கள். எனக்கு முழுசாக நம்ப ஆசை.

சின்ன வயசிலேயே மேடை ஏற்றிவிட்டார்கள். பாட்டு, டான்ஸ், ஜோக், சர்க்கஸ் என்று எல்லாம் கலந்துகட்டிய 'வாட்வில்' நிகழ்ச்சிகள் அப்போது அமெரிக்கா முழுக்கப் பிரபலம். அதில் 'தி த்ரீ கீட்டன்ஸ்' என்று ஒரு அயிட்டம். என்ன அயிட்டம் தெரியுமா? அப்பா மகனைத் தூக்கி எறிவார்! பையன் குறும்பு செய்வான், அப்பாவுக்குக் கோபம் வரும், தூக்கி செட் மேல் வீசுவார். சில சமயம் மேடைக்குக் கீழே இருக்கும் வாத்தியக்காரர்கள் பக்கம். எறிய வசதியாகப் பையன் சட்டை முதுகில் சூட்கேஸ் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். 'சேதப்படுத்த முடியாத சிறுவன்' என்பதுதான் விளம்பரமே.

குழந்தைகளைக் கொடுமையில் இருந்து காப்பாற்றும் சங்கத்துக்காரர்கள் துரத்திக்கொண்டே இருந்தார்கள். பையன் உடம்பில் காயம் இருக்கிறதா என்று அதிகாரிகள் சட்டையைக் கழற்றிப் பார்த்ததும் நடந்தது. காயம் இல்லை. ஏனென்றால், அதற்குள் பஸ்டர் விழக் கற்றுக்கொண்டுவிட்டான். எந்தக் கை முதலில் தரையில் படணும், உடம்பை எப்போது தளர்த்தணும் என்பது அவனுக்கு அனிச்சை. இதைக் கொடுமை என்பதா, பயிற்சி என்பதா? கீட்டன் கடைசிவரை அப்பாவை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு மட்டும் அந்தச் சூட்கேஸ் கைப்பிடி தொண்டையில் மாட்டிக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றையும் அந்த மேடையில்தான் கண்டுபிடித்தான். விழுந்து எழுந்து தானும் சிரித்தால், கூட்டம் கொஞ்சமாகச் சிரிக்கிறது. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டால், கூரை அதிரச் சிரிக்கிறது. அவ்வளவுதான். அதன் பிறகு சினிமாவிலும் அவர் வேலை நேரத்தில் பெரும்பாலும் சிரிக்கவில்லை. 'கல்முகம்' என்ற பட்டம் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டது.

அப்பாவுக்குக் குடி அதிகமானது. குடித்தவர் கையில் சிக்கி, அளந்து வைத்தது மாதிரி விழ முடியாது இல்லையா? 1917-ல் பஸ்டரும் அம்மாவும் அந்த அயிட்டத்தை மூடிவிட்டார்கள். பஸ்டருக்கு 21 வயசு. நம்மைவிட ஒரு வயசு, இரண்டு வயசு பெரியவர்.

இப்போதுதான் முதல் 'பேக்கேஜ்' கேள்வி வருகிறது.

நியூயார்க்கில் 'பாஸிங் ஷோ' என்ற பெரிய மேடை நிகழ்ச்சியில் இடம் கிடைத்துவிட்டது. வாரம் 250 டாலர். 1917-ல் அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்க. ரிகர்சல் ஆரம்பிக்க வேண்டிய சமயத்தில் தெருவில் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கிறார். ரோஸ்கோ ஆர்பக்கிளின் ஸ்டூடியோவுக்கு, சும்மா வேடிக்கை பார்க்க வாயேன் என்கிறார் அவர். ஆர்பக்கிள் அப்போது சாப்ளினுக்கு அடுத்தபடியாகப் பேசப்பட்ட குண்டு காமெடியன். போன இடத்தில் "ஒரு சீன்ல நிக்கிறியா?" என்று கேட்டுவிட்டார். நின்றார். 'தி புட்சர் பாய்' என்ற அந்தப் படத்தில் கீட்டனின் முதல் சீனை இன்றைக்கும் பார்க்கலாம். வெல்லப்பாகு வாங்கக் கடைக்கு வருகிறார், பாகு தொப்பிக்குள் போய்விடுகிறது, தொப்பி தலையில் ஒட்டிக்கொள்கிறது, கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. கேமரா முன்னால் முதல் நாள் நிற்பவர் மாதிரியே இல்லை.

சீன் முடிந்ததும் அவர் பாராட்டை எதிர்பார்த்து நிற்கவில்லை. கேமராவை இரவல் கேட்டார்! ரூமுக்கு எடுத்துப்போய் ராத்திரி முழுக்கப் பார்ட் பார்ட்டாகப் பிரித்து, உள்ளே எது எதைச் சுற்றுகிறது என்று பார்த்து, மறுபடி மாட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் 250 டாலர் ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லிவிட்டார். ஆர்பக்கிளிடம் கிடைத்த சம்பளம் வாரம் 40 டாலர்.

250-ஐ விட்டுவிட்டு 40! நம்ம வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? எங்கள் வீட்டில் அம்மா முதலில் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார்.

நடுவில் முதல் உலகப்போருக்காக ராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸ் போனார். அங்கே காதில் வந்த தொற்றால் ஒரு பக்கம் கேட்கும் சக்தி கொஞ்சம் போனது. திரும்பி வந்தார். 1920-ல் ஜோசப் ஸ்கெங்க் என்ற தயாரிப்பாளர் தனி ஸ்டூடியோவையே கையில் கொடுத்தார். ஒரு காலத்தில் சாப்ளின் படம் எடுத்த இடம் அது. ஸ்கெங்க் பணம் போட்டார். படத்தில் தலையிடவில்லை. அதுதான் முக்கியம்.

இந்த ஸ்டூடியோ நடந்த விதம், நம்ம காலேஜ் சிம்போசியம் நடக்கிற மாதிரி இருக்கும். ஸ்க்ரிப்ட் என்று எழுதி வைத்த காகிதமே கிடையாது. கதைக்கு ஆரம்பம் வேண்டும், முடிவு வேண்டும். நடுவில் இருப்பது தானாக வந்துவிடும் என்பார் கீட்டன். ஐடியா வராமல் மூளை முட்டிக்கொண்டால், யூனிட்டே கிளம்பிப் போய் பேஸ்பால் ஆடும். ஆட்டத்துக்கு நடுவில் யாருக்காவது பொறி தட்டும், மட்டையைப் போட்டுவிட்டு ஷூட்டிங்குக்கு ஓடுவார்கள். அவர் தலையில் இருக்கும் அந்தத் தட்டைத் தொப்பிகூட கடையில் வாங்கியது இல்லை. நல்ல தொப்பியை வெட்டி, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து விறைப்பாக்கி, அவரே செய்தது.

இன்ஜினீயரிங் படிக்கிறவங்க இப்போ கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. மற்றவர்கள் ஒரு பத்தி தாண்டினாலும் பரவாயில்லை. ஆனால் தாண்டாதீங்க.

'எலெக்ட்ரிக் ஹவுஸ்' படத்தை முதலில் 1921-ல்தான் ஆரம்பித்தார்கள். அந்த ஓடும் படிக்கட்டில் ஷூ மாட்டி, கணுக்கால் உடைந்துவிட்டது. (நமக்கு வொர்க்‌ஷாப்பில் லூஸ் டிரஸ் போடாதே என்று சொல்வது இதனால்தான்.) படம் நின்றது. கால் தேறிவரும் நேரத்தில், அதிகம் குதிக்கத் தேவையில்லாத ஒரு படம் எடுக்கலாம் என்று 'தி ப்ளே ஹவுஸ்' எடுத்தார். அதில் ஒரே சட்டகத்தில், வரிசையாக ஒன்பது கீட்டன்கள் உட்கார்ந்து பாடுகிறார்கள்! கம்ப்யூட்டர் கிடையாது. பிறகு எப்படி? லென்ஸுக்கு முன்னால் ஒன்பது பட்டைகளாகத் திறந்து மூடும் ஒரு மறைப்புப் பெட்டி. முதல் பட்டையை மட்டும் திறந்து ஒரு கீட்டனைப் படம் பிடிப்பது, ஃபிலிமைப் பின்னால் சுற்றுவது, இரண்டாவது பட்டையைத் திறந்து அடுத்த கீட்டன்... இப்படி அதே ஃபிலிமில் ஒன்பது முறை. அப்போது கேமராவைக் கையால்தான் சுற்றணும். ஒன்பது முறையும் ஒரே வேகத்தில் சுற்றினார் கேமராமேன் எல்ஜின் லெஸ்லி. ஒன்பது முறையும் தாளத்தை எண்ணி ஒரே நேரத்தில் அசைந்தார் கீட்டன். எட்டாவதில் தப்பு செய்தால் முதல் ஏழும் குப்பை. லேபில் ஒரு ரீடிங் தப்பானால் 'அட்ஜஸ்ட்' பண்ணிக்கொள்ளும் நம்ம வித்தை எல்லாம் அங்கே செல்லாது.

1924-ல் 'ஷெர்லாக் ஜூனியர்'. தியேட்டரில் படம் ஓட்டும் ஆள் தூங்கிப்போய், கனவில் திரைக்குள்ளேயே நடந்து போய்விடுகிறான். உள்ளே போனதும் பின்னணி மாறிக்கொண்டே இருக்கிறது. தெருவில் நடக்கிறான், சட்டென்று மலை உச்சி. எட்டிப் பார்க்கிறான், சிங்கங்கள் நடுவில் நிற்கிறான். கடல் பாறையில் இருந்து தண்ணீரில் தலைகீழாகப் பாய்கிறான், போய்ச் செருகுவது பனியில். ஒவ்வொரு இடமும் நிஜமாகவே வேறு வேறு ஊர், வேறு வேறு நாள். ஆனால் கீட்டன் உடம்பு ஒரு நூல்கூட நகர்ந்த மாதிரி தெரியாது. கேமராவுக்கும் அவருக்கும் இருக்கும் தூரத்தையும் கோணத்தையும் சர்வே கருவிகள் வைத்து அளந்து நின்றிருக்கிறார்கள். சிவில் பசங்க வெயிலில் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு அலைவீர்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. நடிகனாகாமல் போயிருந்தால் சிவில் இன்ஜினீயர் ஆகியிருப்பேன் என்று பின்னாளில் சொல்வாராம்.

அதே படத்தில், ரயிலுக்குத் தண்ணீர் நிரப்பும் டாங்க்கின் குழாயைப் பிடித்துத் தொங்குவார். தண்ணீர் கொட்டும். எதிர்பார்த்ததைவிட வேகம் அதிகம். கீழே விழுந்து, பின்னங்கழுத்து தண்டவாளத்தில் மோதியது. சில நாள் பயங்கரத் தலைவலி, அவ்வளவுதான் என்று வேலையைத் தொடர்ந்தார். பல வருஷம் கழித்து வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்த டாக்டர், கழுத்து எலும்பு எப்போதோ உடைந்து கூடியிருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த ஷாட் படத்தில் அப்படியே இருக்கிறது. எழுந்து ஓடுவதும் அவரேதான்.

'தி ஜெனரல்' பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-ல் நிஜமாக நடந்த ரயில் கடத்தல்தான் கதை. ஆரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் என்ற ஊருக்கு யூனிட்டையே கொண்டுபோய், நிஜ நீராவி இன்ஜின்களை வைத்து எடுத்தார். ஒரு சின்ன சீன் சொல்றேன். காதலி கோபித்துக்கொண்டு போய்விட்டாள். ஹீரோ சோகமாக வந்து, இன்ஜின் சக்கரங்களை இணைக்கும் கம்பி மேல் உட்கார்கிறார். உட்கார்ந்தது தெரியாமல் டிரைவர் வண்டியை எடுக்கிறார். கம்பியோடு சேர்ந்து ஹீரோவும் மேலே, கீழே, மேலே, கீழே... முகத்தில் அசைவே இல்லை. தியேட்டரில் சிரிக்கலாம். ஆனால் ஸ்டீம் கொஞ்சம் கூடுதலாகப் போயிருந்தால் சக்கரம் பிடிமானம் இல்லாமல் சர்ரென்று சுழன்றிருக்கும். அந்தக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் மனிதனை என்ன செய்திருக்கும் என்று மெக்கானிகல் பசங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1926 ஜூலை 23. எரியும் மரப்பாலத்தின் மேல் ஒரு நிஜ இன்ஜினை ஓட்டவிட்டு, பாலத்தோடு ஆற்றில் விழவைத்தார்கள். சுத்துப்பட்டு ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. இரண்டாவது டேக்குக்கு வழியே இல்லை. அந்த ஒரு ஷாட்டுக்கு 42,000 டாலர் செலவு என்பார்கள். ஊமைப்படங்களிலேயே காஸ்ட்லியான ஷாட் அது. விழுந்த இன்ஜின், இரண்டாம் உலகப்போரில் பழைய இரும்புக்கு எடுத்துப்போகும் வரை அந்த ஆற்றிலேயே கிடந்தது.

படம்? ஊத்திக்கிச்சு! விமர்சகர்கள் கிழித்தார்கள், போட்ட பணம் சரியாக வரவில்லை. பின்னாளில் உலகத்தின் தலைசிறந்த படங்கள் பட்டியலில் எல்லாம் வந்தது, அது வேறு கதை. ஆனால் 1927-ல் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் நஷ்டம்தான்.

அடுத்ததும் சுமாராகப் போக, அதற்கடுத்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தோடு ஸ்கெங்க் கையை விரித்துவிட்டார். சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் அந்தப் படத்துக்குப் புயல் சீன் எடுத்தார்கள். விமான இன்ஜின்களை வைத்துக் காற்றடிக்க விட்டார்கள். கீட்டன் தெருவில் நிற்கிறார். பின்னால் இருக்கும் வீட்டின் முன் சுவர் முழுசாகப் பெயர்ந்து அவர் மேல் சாய்கிறது. மாடி ஜன்னல் திறந்திருக்கிறது. சுவர் விழுகிறது, ஜன்னல் ஓட்டை சரியாக அவரைச் சுற்றி இறங்குகிறது. நிற்கிறார். அட்டைச் சுவர் இல்லை, கிட்டத்தட்ட இரண்டு டன். தோளுக்கும் தலைக்கும் இரண்டு பக்கமும் இரண்டே அங்குலம் இடைவெளி. யூனிட்டில் பலர் பார்க்கப் பயந்து தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஸ்டூடியோ மூடப்போகிறது என்ற செய்தி வந்திருந்த நேரம் அது, இருந்தால் இருக்கிறேன் போனால் போகிறேன் என்ற மனநிலையில்தான் போய் நின்றார் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது தெரிந்த பிறகு அந்தச் சீனை என்னால் பழையபடி சிரித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை.

இரண்டாவது பேக்கேஜ் கேள்வி அப்போதுதான் வந்தது. 1928. ஹாலிவுட்டின் மிகப்பெரிய கம்பெனியான எம்.ஜி.எம். கூப்பிட்டது. வாரம் 3,000 டாலர். ஸ்கெங்க்கின் சொந்தத் தம்பியே அந்தக் குழுமத்தின் பெரிய தலை. 'போ, நல்லா பார்த்துப்பாங்க' என்று ஸ்கெங்க்கே அனுப்பிவைத்தார். சாப்ளினும் ஹெரால்டு லாய்டும் மட்டும் வேண்டாம் என்றார்கள். சொந்த ஸ்டூடியோவை விடாதே, அங்கே போனால் உன்னை உன் இஷ்டத்துக்குப் படம் எடுக்க விடமாட்டார்கள் என்றார்கள். கீட்டன் கையெழுத்துப் போட்டார். வாழ்நாளில் தான் செய்த பெரிய தப்பு அதுதான் என்று பிற்பாடு எழுதினார்.

உண்மையைச் சொல்லட்டுமா? நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். மனைவி, இரண்டு பசங்க, மாளிகை மாதிரி வீடு, இரண்டு மூன்று படம் வரிசையாக அடி வாங்கிய நேரம். 1917-ல் 40 டாலரைத் தேர்ந்தெடுத்தவரும் இவர்தான், 1928-ல் 3,000 டாலரைத் தேர்ந்தெடுத்தவரும் இவர்தான். இடையில் அவர் கோழையாகிவிடவில்லை. 21 வயசில் இழக்க ஒன்றும் இல்லை, 32-ல் இருந்தது, அவ்வளவுதான்.

உள்ளே போன பிறகு என்ன ஆச்சு? முதல் படம் 'தி கேமராமேன்' அருமை. சண்டை போட்டு, தன் பாணியில் எடுத்தார். அதற்குப் பிறகு எல்லாம் காகிதம். முழு ஸ்க்ரிப்ட் வேண்டும், ஒவ்வொரு ஜோக்குக்கும் மேலே இருக்கிறவர்களின் ஒப்புதல் வேண்டும். ஸ்டன்ட் செய்யக் கூடாது, உனக்கு அடிபட்டால் கம்பெனிக்கு நஷ்டம் என்றார்கள். யோசித்துப் பாருங்க... விழுவதற்கென்றே வளர்ந்த ஆளிடம், விழாதே என்று சொல்கிறார்கள்.

இங்கே ஒரு பொய்யை உடைக்கணும். 'பேசும் படம் வந்ததும் கீட்டன் காலி' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். தப்பு. அவர் குரல் நல்ல கட்டையான குரல். வெளிநாட்டுக்காக ஸ்பானிஷ் எல்லாம் உச்சரிப்பை மனப்பாடம் செய்து பேசி நடித்திருக்கிறார். கொடுமை என்னவென்றால், அவரே வெறுத்த அந்தப் பேசும் படங்கள் 'ஜெனரலை'விட நன்றாக வசூலித்தன! ஆகவே கம்பெனிக்குத் தன் பக்கம் தப்பு இருப்பதாகத் தோன்றவே இல்லை. ரிசல்ட் ஷீட்டில் எல்லாம் பாஸ். ஆள் மட்டும் உள்ளுக்குள் அரியர் வைத்துக்கொண்டே போனார்.

குடி ஆரம்பித்தது. எந்தக் குடியால் அப்பாவின் மேடையை விட்டு வந்தாரோ, அதே குடி. இதை முழுக்கக் கம்பெனி தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. வீட்டிலும் பிரச்னை இருந்தது. 1932-ல் விவாகரத்து. வீடு போனது, பசங்களின் குடும்பப் பெயர்கூட அம்மா வழிப் பெயராக மாற்றப்பட்டது. ஷூட்டிங்குக்குப் பல நாள் வரவில்லை. 1933-ல் எம்.ஜி.எம். வேலையை விட்டுத் தூக்கியது. வயசு 37.

அடுத்த சில வருஷங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஆஸ்பத்திரி, மலிவான குறும்படங்கள், இரண்டாவதாக ஒரு கல்யாணம், அதுவும் முறிவு. பத்து வருஷம் முடிவதற்குள், அதே எம்.ஜி.எம். கேட்டுக்குள் மறுபடி நுழைந்தார். மற்ற காமெடியன்களுக்கு ஜோக் யோசித்துக் கொடுக்கும் வேலை. சம்பளம் வாரம் 100 டாலர்.

3,000 டாலர் வாங்கிய அதே வளாகம்! நமக்கென்றால் செக்யூரிட்டி முகத்தைப் பார்க்கவே கூசும். அவர் போனார். வேலை செய்தார். 1940-ல் எலினார் என்ற டான்ஸரைத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு வயசு 21, இவருக்கு 44. ஒரு வருஷம்கூடத் தாங்காது என்றார்கள் எல்லோரும். கீட்டன் சாகும்வரை 25 வருஷத்துக்கு மேல் தாங்கியது. பாரிஸில் ஒரு சர்க்கஸில் 1947-ல் மறுபடி மேடை ஏறினார். டி.வி. வந்ததும் டி.வி.யில் விழுந்து எழுந்தார். 1952-ல் சாப்ளினின் 'லைம்லைட்' படத்தில் இருவரும் ஒரே சீனில் வருகிறார்கள். சினிமாவில் இரண்டு பேரும் சேர்ந்து நின்றது அந்த ஒரு முறைதான்.

அவருடைய பழைய படங்கள்? அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. வெடிமருந்துக்குச் சொந்தக்காரப் பொருள். பாதுகாக்காவிட்டால் தானாகவே மக்கிப் பொடியாகும், தீப்பிடித்தால் அணையாது. கீட்டன் படங்களில் பல இனி கிடைக்காது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் இழந்த அந்த மாளிகையைப் பின்னாளில் வாங்கியவர் ஜேம்ஸ் மேசன் என்ற நடிகர். 1950-களில் அந்த வீட்டின் ஒரு மூலையில் பூட்டிக்கிடந்த இடத்தைத் திறந்தால்... ஃபிலிம் டப்பாக்கள்! கீட்டனே ஒளித்து வைத்துவிட்டு விட்டுப்போன பிரதிகள். ரேமண்ட் ரோஹவர் என்பவர் கீட்டனோடு சேர்ந்து இப்படி அங்கங்கே கிடந்தவற்றை எல்லாம் தேடிப் பிடித்து மறுபடி திரையிட்டார். 1960-ல் கௌரவ ஆஸ்கர் வந்தது. 1965-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இன்றைக்கு 'ஜெனரல்', 'ஷெர்லாக் ஜூனியர்' இரண்டுக்கும் காப்பிரைட் கிடையாது. இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் 'ஒன் வீக்' என்ற 20 நிமிஷப் படத்தில் ஆரம்பியுங்க. பார்சலில் வரும் வீட்டைத் தப்பாக மாட்டிவிட்டு அதில் குடித்தனம் நடத்தும் புதுமண ஜோடி. அசெம்பிளி டிராயிங் பேப்பரில் கோட்டை விட்ட எவருக்கும் நெஞ்சைத் தொடும்.

கடைசியாக ஒன்று. 1964-ல் கனடாவில் 'தி ரயில்ராடர்' என்று ஒரு குறும்படம் எடுத்தார்கள். தண்டவாளத்தில் ஓடும் ஒரு சின்ன மோட்டார் வண்டியில், நாட்டின் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு ஒரு கிழவர் போகிறார். வசனம் கிடையாது. அந்த ஷூட்டிங்கையே படம் பிடித்து ஒரு டாக்குமென்டரியும் வந்தது. அதில் ஒரு இடம் இருக்கிறது. பிரம்மாண்டமான மேப் ஒன்றை விரித்துப் பார்க்கும்போது காற்றில் அது கீட்டனையே சுற்றிக்கொள்ளும், வண்டி பாட்டுக்கு ஓடும் என்பது காமெடி. அதை உயரமான ரயில் பாலத்தின் மேல் வைத்து எடுக்கலாம் என்கிறார் கீட்டன். ஆபத்து, தரையிலேயே எடுத்துவிடலாம் என்கிறார் டைரக்டர். கீட்டனுக்கு வந்ததே கோபம்! இதில் என்ன ஆபத்து இருக்கிறது, பாலத்தில் எடுத்தால்தானே அது காமெடி என்று ரூமுக்குப் போயும் புலம்புகிறார். அந்த ஷூட்டிங் சமயத்தில்தான் அவருக்கு 69 வயசு பிறந்தது. இன்னும் ஒன்றரை வருஷத்தில், 1966 பிப்ரவரி 1-ம் தேதி, நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோகப் போகிறார்.

டைரக்டர் இறங்கி வந்தார். படத்தில் பாருங்க, அந்த ஷாட் பாலத்தின் மேல்தான் இருக்கிறது. கீழே பள்ளத்தாக்கு. மேப் முகத்தை மூடியிருக்கிறது. உள்ளே இருந்து கைகள் மட்டும் அதை மடிக்கப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. வண்டி நிற்கவில்லை.